வெறும் தண்ணீர் என்று எழுதியவர்

பதினேழு வருட வக்கீல் தொழிலில் மஹ்விஷ் தன் கட்சிக்காரர் சொன்னதை அப்படியே நம்பியது இரண்டு தடவை. இரண்டு வழக்கும் தோற்றன. தி. நகர் ஜவுளிக்காரர் வீட்டுப் பெண் அவள். சாயம் போகுமா என்று நனைத்துப் பார்க்காமல் எதையும் வாங்காத குடும்பம். காப்புரிமை மேல்முறையீட்டோடு சாய்நாத் அவளுடைய ராஜா அண்ணாமலைபுரம் ஆபீஸுக்கு வந்த அன்றே அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக் குழாய்களில் ஒட்டும் கிருமியின் தோலை அரித்துக் கொல்லும் நொதிக் கரைசல் ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தார். காப்புரிமை அலுவலகம் இரண்டு காரணம் சொல்லி நிராகரித்துவிட்டது: இது துறையில் இருக்கும் எவருக்கும் தோன்றக்கூடியது, தவிர, எழுதியிருப்பதை மட்டும் வைத்து இதைச் செய்ய முடியாது.

முதல் காரணத்துக்கு, "யாருக்கும் தோணாது மேடம், அவ்வளவு கஷ்டம்" என்றார். இரண்டாவதற்கு, "எம்.எஸ்ஸி. படிக்கற பொண்ணுகூடப் பண்ணிடுவா."

"ஒரே சாமான் உங்களுக்குத் தோதா கஷ்டமாவும் ஆகுது, சுலபமாவும் ஆகுது. நல்லா இருக்கு சார்."

அவர் போனதும், விண்ணப்பத்தை வரி பிசகாமல் செய்து பார்க்கச் சொல்லி, தனக்குத் தெரிந்த ஆய்வக ஊழியர் நீரஜாவுக்கு அனுப்பினாள்.

"கிருமி ஜாலியா இருக்குக்கா" என்று நீரஜா போன் பண்ணினாள்.

மஹ்விஷ் நேரே கொட்டிவாக்கம் போனாள். சாய்நாத் வீட்டு மாடிதான் அவருடைய ஆய்வகம். அங்கே மட்டும் கரைசல் வேலை செய்தது. கிருமி வளர்ந்து கலங்கிய குப்பி, அவள் கண்ணெதிரே தெளிந்தது. அவள் பார்வை குழாய்க்குப் போனது. அதன் வாயில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. குடிக்கத் தனியாகக் கேன்.

"எந்தத் தண்ணி சார் ஊத்தறீங்க?"

"ஜலம்தான். எழுதியிருக்கேனே."

"நீரஜா காய்ச்சி வடிச்ச தண்ணியில பண்ணினா. இது போர் தண்ணி."

அவர் குழாயை இறுக்கி மூடினார். "சுண்ணாம்புச் சத்து இல்லேன்னா நொதி எழுந்துக்காது. அதையும் எழுதி வச்சா, காப்பி அடிச்சுண்டு போயிடுவா."

"ஊருக்குச் சொல்லிக்கொடுக்கறதுக்குத்தான் சார் இருபது வருஷ உரிமை. பாதியைச் சொல்லிட்டு முழுசையும் கேக்கறீங்க."

"இப்ப ஒரு வரி சேர்த்துடலாமே?"

"தாக்கல் பண்ணினப்புறம் புதுசா எதையும் சேர்க்க முடியாது. இது தெரிஞ்சு நான் ஜட்ஜ் முன்னாடி நிக்கவும் மாட்டேன்."

புது விண்ணப்பம் என்றால் பழைய தேதி போய்விடும். நடுவில் வேறொருவர் இதையே தாக்கல் செய்திருந்தால் அவர்தான் முந்தியவர். சாய்நாத்துக்கு அது தெரியும். அவள் அங்கேயே எழுதிக் கொடுத்த வாபஸ் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

"வேற எதையாவது விட்டிருக்கீங்களா?"

"சத்தியமா இல்லே."

வியாழக்கிழமை மேல்முறையீடு வாபஸாகிறது. புது விண்ணப்பம் எழுதி முடித்ததும் முதலில் நீரஜாவிடம் போகும். கிருமி செத்தால்தான் தாக்கல்.