ரெட் ஆக்சைடு முனிரத்தினம்

செய்தி வந்தபோது நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில், மூன்று தலைமுறையாக வடைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பரிமாறுகிறவர் என் இலைக்கு நேராகக் குனிந்த நேரத்தில் செல்போன் அடித்தது. தங்கை சரோஜா.

"அண்ணா, அவரு போயிட்டாருண்ணா."

அழவில்லை. அழுது முடித்து, யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்கிற இடத்துக்கு வந்துவிட்ட குரல் அது. நான் எழுந்துகொண்டேன். பக்கத்து இலைக்காரர், "இன்னும் பாயசமே வரல, எங்க எழுந்துட்டீங்க?" என்றார். பாயசத்துக்கு முன்னால் நான் பந்தியை விட்டு எழுந்த முதல் சம்பவம் இதுதான் என்பதற்கு இந்த ஜில்லாவே சாட்சி சொல்லும்.

சரோஜா சொன்ன 'அவரு' அவள் புருஷன், என் மாப்பிள்ளை முனிரத்தினம். கிரிவலம் போகிற செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், நெல்லிக்காய்ப் பொடியும் முருங்கைக்கீரை கேப்சூலும் விற்றவர். உங்களில் பாதிப் பேர் அவரை அப்படி அறிவீர்கள். மீதிப் பேர், அதே கடையில் அதற்கு முன்னால் பெயின்ட்டும் பிரஷ்ஷும், இரும்பு கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடும் விற்றவராக அறிவீர்கள். பெயின்ட் வாடை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதால் கேப்சூலுக்கு மாறினார். கடை எவ்வளவு பெரியது என்றால், உள்ளே ஒருவர் தும்ம ஆரம்பித்தால் வெளியே வந்துதான் தும்மி முடிக்க வேண்டும்.

அவரை எடுத்த மறுநாள் சரோஜா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டாள். "அண்ணா, அவரு யாரையும் ஏமாத்தலதானே? ஊர்ல என்னென்னமோ பேசறாங்க." இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளையே அப்படிக் கேட்க வைத்துவிட்டது அந்தப் பேச்சு. அவளுக்கு அன்று என்னால் வாயால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அவரை அறிந்த உங்கள் முன்னால் இதை எழுதுகிறேன்.

கேப்சூல் வியாபாரம் தொடங்கிய புதிதில் வருகிறவர்களெல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "டப்பால ஆன்டி ஆக்சிடன்ட்னு போட்டிருக்கே, அப்பிடின்னா என்னங்க?" நான் தமிழை உய்விக்கப் பிறந்தவன் அல்லவா, "ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்" என்று எழுதி நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "மச்சான், இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள கஸ்டமர் மலைய ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவாரு" என்றார். பிறகு தன் பழைய தொழிலிலிருந்தே பதிலை எடுத்தார். "கேட்டுக்கு ரெட் ஆக்சைடு, உடம்புக்கு நெல்லிக்கா. ரெண்டும் துருவுக்குத்தான்." கேட்டவர்களுக்கு உடனே புரிந்தது. 'உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க' என்று கடைக்கு மேல் போர்டே எழுதி மாட்டினார். ரெட் ஆக்சைடு முனிரத்தினம் என்ற பட்டத்தை ஊர் அன்றைக்குத்தான் சூட்டியது.

நோட்டீஸ் எழுதிக் கொடுப்பது என் திருப்பணி. நான் எழுதினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 'நூறு நோய்களை நடுங்க வைக்கும் நெல்லி' என்று ஆரம்பித்து, எமதர்மன் எருமையை விற்றுவிட்டு ஊரை விட்டு ஓடுவதில் முடித்திருந்தேன். பெயின்ட் கடைக் காலத்திலிருந்தே அவர் காதில் ஒரு தட்டைப் பென்சில் இருக்கும். அதை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாக அடித்தார். முடிவில் மிஞ்சியது 'நெல்லிக்காய்ப் பொடி' என்ற ஒன்றுதான்.

"என்ன மாப்ள, எமனையே அடிச்சுட்டீங்க?"

"அவரு நம்ம கஸ்டமர் இல்ல, மச்சான்."

வாங்க வந்தவர்களிடம், "கீரை திங்கறீங்களா? பழம்?" என்று முதலில் விசாரிப்பார். தினமும் தின்கிறேன் என்று சொல்லிவிட்டால் போச்சு. "அப்ப இது உங்களுக்கு எதுக்கு? அதுல இருக்கறதுதான் இதுலயும் இருக்குது. அதுல ஜாஸ்தி, இதுல கம்மி" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பல் போனவர்கள், ஹோட்டல் சோற்றில் காலம் தள்ளுகிறவர்கள், கீரையைக் கண்டால் ஓடுகிறவர்கள், இவர்களுக்குத்தான் டப்பாவை எடுப்பார். உலகத்தில் தன் கடையிலிருந்து வாடிக்கையாளரைத் துரத்திப் பிழைக்கப் பார்த்த ஒரே வியாபாரி அவர்தான். அவ்வளவு பார்த்தும் அந்தப் போர்டு அவரைக் கவிழ்த்தது.

அடி அண்ணாமலையில் பூ விற்கிற கவிதா அப்போது முழுகாமல் இருந்தாள். கேப்சூல் வாங்கிப் போனவள், கொஞ்ச நாள் கழித்து அடுத்த டப்பாவுக்கு வந்து நின்றாள். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. நானும் கடையில் இருந்தேன்.

"என்னம்மா இப்பிடி வெளுத்துப் போயிட்ட?" என்றார் மாப்பிள்ளை.

"தெரியலைங்க. நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கேன். ஆஸ்பத்திரில குடுத்த இரும்பு மாத்திரைய கூட நிறுத்திட்டேன்."

"நான் எப்பம்மா நிறுத்தச் சொன்னேன்?"

"போர்டுல போட்டிருக்கீங்களே, துருப்பிடிக்கக் கூடாதுனு. துரு இரும்புலதானே வரும்? இரும்ப உள்ள போட்டுக்கினு, மேல உங்க கேப்சூலையும் போட்டா எப்பிடிங்க?"

நான் சிரிப்பதற்கு வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அந்த முகத்தில் ரத்தம் கவிதாவுக்கு இருந்ததைவிடக் கம்மியாக இருந்தது. அப்போதே ஷட்டரை இழுத்துவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்சம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "யாரு உன்ன மாத்திரைய நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார். கவிதா வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை, "என் போர்டு சொல்லிச்சும்மா" என்றார்.

நர்சம்மா அவருக்குக் கொடுத்த அர்ச்சனையில் மலை உச்சியில் இருக்கும் குரங்கெல்லாம் காதைப் பொத்திக்கொண்டன. தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டவர், கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "அப்ப நெல்லிக்காவும் சாப்பிடக் கூடாதாம்மா?" நர்சம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நெல்லிக்கா தாராளமா சாப்பிடலாம். அதோட சேந்தா இரும்பு நல்லாவே உடம்புல ஒட்டும். மாத்திரை போட்ட கையோட டீ மட்டும் குடிக்க வேணாம். கேப்சூலு கீப்சூலுலாம் எங்கள கேக்காம குடுக்காதீங்க."

அன்று சாயந்திரம் மிச்சம் கிடந்த ரெட் ஆக்சைடைத் திறந்து, போர்டில் இருந்த எழுத்தெல்லாம் மறைகிற வரைக்கும் அடித்தார். "கட்சி ஆபீஸ் மாதிரி இருக்குது, மாப்ள" என்றேன். அவர் அதன்மேலேயே இன்னொரு கோட் அடித்தார். கவிதாவுக்குப் பிரசவம் ஆகிற வரைக்கும் அந்தப் போர்டு வெறும் சிவப்பாகவே தொங்கியது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன்மேல் வெள்ளையில் எழுதினார்: 'சோறு, கீரை, பழம் முதலில். இது அப்புறம்.'

அதற்குப் பிறகுதான் அவருக்கே வந்தது. சோறு தொண்டைக்குக் கீழே நிற்கிறது என்றார். வேலூருக்குக் கூட்டிப் போனோம். உணவுக்குழாயில் புற்றுநோய். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, பையிலிருந்து தன் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "ட்ரீட்மென்ட் முடியற வரைக்கும் இது வேணாங்க. நாங்க குடுக்கற மருந்து வேலை செய்யறத இது கெடுக்கலாம், கெடுக்காமயும் போகலாம். உறுதியா தெரியாததால நிறுத்திடுங்க" என்றார். மாப்பிள்ளை டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கடை வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எனக்குப் புற்றுநோய், சிகிச்சையில் இருக்கிறேன், டாக்டர் சொன்னதால் இந்தக் கேப்சூலை நானே நிறுத்திவிட்டேன், சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். சரோஜா கொதித்துப் போனாள்.

"ஊருக்கே தண்டோரா போடணுமா? இதப் படிச்சுட்டு எவன் கடைக்குள்ள கால வைப்பான்?"

"வாங்கறவங்க உடம்புல என்ன இருக்குதுனு நமக்குத் தெரியாதில்ல, சரோஜா. நம்ம உடம்புல இருக்கறதயாவது அவங்களுக்குச் சொல்லிடுவோம்."

அவள் பயந்தபடியே ஆனது. கடைக்குள் காற்றைத் தவிர யாரும் வரவில்லை. வந்தது ஒரே ஒரு வெள்ளைக்காரம்மா, பக்கத்து விடுதியில் மாசக்கணக்கில் தங்கியிருப்பவர். ஆஸ்பத்திரியை விட்டுவிடுங்கள், இயற்கைச் சாறு மட்டும் குடியுங்கள், எல்லாம் கரைந்துவிடும் என்று கண்ணீரோடு சொன்னார். மாப்பிள்ளை தன் செங்கம் ரோட்டு இங்கிலீஷில் அவருக்குப் பதில் சொன்னார். அதைத் தமிழில் தருகிறேன். "மேடம், ரெட் ஆக்சைடு கேட்டுல ஓட்டை விழறதுக்கு முன்னாடி அடிக்கறது. ஓட்டை விழுந்த பிறகு வெல்டிங்தான்."

வெல்டிங்கும் பிடித்து நிற்கவில்லை. கடைசி மாதங்களில் கஞ்சி இறங்குவதே பாடாக இருந்தது. ஊரில் ஒருவர் விடாமல் கீரை தின்றாயா என்று கேட்ட மனுஷன், முருங்கைக்கீரை வேகிற வாசனைக்காக அடுப்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்திருப்பார். சரோஜா அவருக்காகவே கீரை வேகவைப்பாள். யாரும் தொடாமல் அது அப்படியே ஆறும். இதில் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சாவு வீட்டில், பந்தலுக்கு வெளியே நின்றிருந்த ஒருவர், அவர் யாரென்று சொல்ல மாட்டேன், "ஊருக்கெல்லாம் கேப்சூல் வித்தாரு. அவருக்கே அது ஒண்ணும் பண்ணல பாரு" என்றார். மாலையோடு வந்த கவிதா அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இதத் தின்னா கேன்சர் வராதுனு அவரு உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்லம்மா, நான் பொதுவா சொன்னேன்."

"பொதுவா பேசற எடமா இது?"

காரியத்துக்கு முன்னால் ஊரில் போஸ்டர் ஒட்ட வேண்டும். வாசகம் எழுதும் பொறுப்பு வழக்கம்போல எனக்கு. 'இமயம் சரிந்தது, சூரியன் அணைந்தது' என்று பிரமாதமாக ஆரம்பித்தேன். கை நின்றுவிட்டது. சரோஜாவிடம் அந்தத் தட்டைப் பென்சிலைக் கேட்டு வாங்கினேன். இமயத்தை அடித்தேன், சூரியனையும் அடித்தேன். மிஞ்சியதை அவளிடம் படித்துக் காட்டினேன்: 'முனிரத்தினம். நெல்லிக்காய்ப் பொடி விற்றவர். எந்த நோயும் தீரும் என்று ஒருவரிடமும் சொல்லாதவர்.'

சரோஜா தாளை வாங்கித் தானே ஒரு தரம் படித்தாள். பிறகு, "பேருக்கு முன்னாடி ரெட் ஆக்சைடுனு போடுண்ணா" என்றாள்.

போஸ்டர் அப்படித்தான் ஒட்டப்பட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பென்சிலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நீயே வைத்துக்கொள் என்றாள். அவரிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். பென்சில் வந்துவிட்டது, அந்தக் கை வரவில்லை. வடைக்காக மூன்று தலைமுறை காத்திருந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளை இருந்திருந்தால் முதலில் அதைத்தான் அடித்திருப்பார். அடிக்க ஆளில்லாமல் அது அப்படியே நிற்கிறது.