வேட்டி கட்டிக் குதித்த வாத்தியார்

நான் லீவில் வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குப் பாதி சந்தோஷம், பாதி தலைவலி. திருவண்ணாமலையில் வந்து இறங்கிய அன்றே கிணற்றுக் கயிற்றை முழுக்க வெளியே இழுத்துப் போட்டு, எங்கேயாவது முறுக்கு பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பரணுக்குப் போடும் ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஏறி நின்று மிதிப்பேன். ஒரு தடவை தேரடிப் பக்கம் சாரத்தில் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவரைக் கீழே இறங்கச் சொல்லி, அவர் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து நானே வேறு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எந்த ஊரு நீ?” என்றார். அடுத்த தெருதான் என்று சொன்னேன். நம்பவில்லை.

என்ன செய்வது, பார்க்கிற வேலை அப்படி. அறுபதுகளின் தொடக்கம் அது. ஆக்ராவில் பட்டாளத்துக்காரர்களுக்கு விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குதிக்க யார் வேண்டுமானாலும் குதித்துவிடலாம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்க்க வைப்பதில்தான் வாத்தியாரின் உயிர் போகும். வார் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, கொக்கி சரியாக விழுந்ததா, எங்கேயாவது ஒரு முனை தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் தன் முதுகைத் தானே பார்க்க முடியுமா? அதனால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் நிற்பவனின் முதுகைச் சோதித்து, தோளில் தட்டி, “சரி” என்பான். அந்தத் தட்டு விழாமல் யாரும் விமானத்தின் வாசலுக்கு நகரக் கூடாது.

இன்னொரு சட்டமும் உண்டு. “நில்” என்று யார், எந்த பாஷையில் சொன்னாலும் நின்றுவிட வேண்டும். சொன்னவன் நேற்றுச் சேர்ந்தவனாக இருக்கலாம், கேட்பவர் மேலதிகாரியாக இருக்கலாம். நின்றுவிட்டு அப்புறம் ஏன் என்று கேட்டுக்கொள்ளலாம். இந்த இரண்டையும் கத்திக் கத்தியே என் தொண்டை கரகரத்துப் போயிருந்தது.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு லீவு கிடைத்தது. அப்பா இல்லாத வீடு என்பதால் எல்லாப் பேச்சும் அம்மாவுடையதுதான். கீழ்பென்னாத்தூரில் எனக்குப் பெண் பேசி வைத்திருந்தாள். தூரத்து உறவு, வேர்க்கடலை போடுகிற குடும்பம். பெண்ணை நான் முந்தின தீபத்திலேயே கோயிலில் பார்த்திருந்தேன். கூட்டம் நெருக்கியபோது தன் வீட்டுப் பிள்ளைகளை ஒருவர் இடுப்பை ஒருவர் பிடிக்கச் செய்து, கோபுர வாசலில் நிறுத்தி, எண்ணி எண்ணி உள்ளே விட்டாள். ஒன்று குறைந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. ஒரு வருஷமாக ஆக்ராவில் அந்த எண்ணிக்கையை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இவள் கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கக்கூடப் பயமாக இருந்தது.

பையன் ஆக்ராவில் வாத்தியார் என்று மட்டும் அம்மா சொல்லி வைத்திருந்தாள். பெண் பார்க்கப் போன அன்று பஸ்ஸில் என்னிடமும் கண்டிப்பாகச் சொன்னாள்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஜாஸ்தி பேசாத.”

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். காராசேவுத் தட்டை என் பக்கம் நகர்த்தியபடி கேட்டார்.

“என்ன பாடம் எடுக்கிறீங்க தம்பி? கணக்கா, இங்கிலீஷா?”

“எல்லாந்தாண்ணே,” என்று அம்மா முந்திக்கொண்டாள்.

எனக்குப் பொய் வராது. “குதிக்கறதுக்குங்க மாமா. ஏரோப்ளேன்லருந்து,” என்றேன்.

வாய்க்குப் போன காராசேவு தட்டுக்கே திரும்பியது. “ஏன், அது நல்லாத்தானே பறந்துக்கினு இருக்கும்?” என்றார். நான் விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் வாடியது.

“யாருனா செத்திருக்காங்களா?”

அம்மா என் காலை நன்றாக மிதித்தாள். “கால் ஒடஞ்சவங்க உண்டு மாமா. என் கையில படிச்சவங்கள்ல உசுரு போனவங்க யாரும் இல்ல,” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “எனக்கு ஒரே பொண்ணு தம்பி. வேற வேலைக்கு மாறிட்டு வாங்க, பேசலாம்,” என்றார். அதோடு பேச்சு முடிந்தது போல அம்மா தான் கொண்டுவந்திருந்த கூடையை எடுக்கக் குனிந்தாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் முன்கோபம் ஊரறிந்தது. “விழறதுக்கும் ஒரு மொற இருக்குது மாமா. வாங்க, காட்டறேன்,” என்று எழுந்து களத்துக்கு நடந்தேன்.

களத்தில் மாடு அவிழ்த்த கட்டை வண்டி ஒன்று நின்றது. பக்கத்தில் கடலை பறித்த கொடி முழங்கால் உயரத்துக்குப் பரப்பிக் கிடந்தது. கொடியைக் கிளறிக் கல் இருக்கிறதா என்று பார்த்தேன். சக்கரம் உருளாமல் இருக்க அண்டைக் கல் வைத்தேன். வண்டியை ஆட்டிப் பார்த்தேன். வேலிப் பக்கம் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஆள் சேர்ந்தால் எனக்கு வாத்தியார் குரல் தானாக வந்துவிடும். காலை ஒட்டி வைக்க வேண்டும், முட்டி கொஞ்சம் மடங்க வேண்டும், தரையைப் பார்க்கக் கூடாது, கால் பட்டதும் ஒருக்களித்து உருள வேண்டும் என்று ஒரு பாடமே எடுத்தேன். பிறகு வண்டியின் ஓரத்தில் ஏறி நின்றேன்.

“ஒண்ணு, ரெண்டு...”

“நில்லுங்க!”

நின்றேன். கையை விரித்தபடி, ஒரு காலை முன்னால் நீட்டியபடி நின்றேன். குரல் வந்தது வீட்டு வாசலிலிருந்து. பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக அவள்தான் களத்தைக் கடந்து வந்தாள். ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தாள். எனக்குப் பின்னால் போனாள். இடுப்பில் ஏதோ சுண்டி இழுத்தது.

என் வேட்டியின் பின்முனை வண்டி ஓரத்து முளைக்குச்சியில் மாட்டிக்கொண்டிருந்தது. அம்மா வற்புறுத்திக் கட்டவைத்த புது ஜரிகை வேட்டி. பட்டாள உடுப்பிலே பழகியவனுக்கு வேட்டிக்கும் தொங்குகிற முனை உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. கல்லைப் பார்த்தேன், சக்கரத்தைப் பார்த்தேன், முதுகை யாரையும் பார்க்கச் சொல்லவில்லை. குதித்திருந்தால் ஒன்று தலைகீழாகத் தொங்கியிருப்பேன், இல்லையென்றால் வேட்டி வண்டியில் நின்றிருக்க நான் மட்டும் கீழே போய்ச் சேர்ந்திருப்பேன். எது மேல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவள் முனையை எடுத்துவிட்டு, வண்டிப் பலகையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

“ம், சரி. இப்ப குதிங்க.”

யாரும் சொல்லிக்கொடுக்காமல் இது எப்படி இவளுக்குத் தெரியும்? குதித்தேன். சொன்னபடியே உருண்டு எழுந்தேன். வேலிப் பக்கம் ஒரே சிரிப்பும் கைதட்டலும்.

அவள் அப்பா மட்டும் கைதட்டவில்லை. வண்டியைச் சுற்றிப் போய் அந்த முளைக்குச்சியைத் தொட்டுப் பார்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

“தம்பி, அவ நில்லுங்கன்னா நீங்க ஏன் நின்னீங்க?” என்றார்.

“அது எங்க சட்டங்க மாமா. நில்லுன்னா நின்னுடணும்.”

“பொம்பள சொன்னாலும்?”

“யார் சொன்னாலும்.”

அவர் குச்சியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “இவங்கம்மாவும் கல்யாணம் ஆனதுலருந்து எனக்கு நில்லுங்க நில்லுங்கன்னுதான் சொல்றா. நான் ஒருவாட்டிகூட நின்னதில்ல,” என்றார்.

“இப்பனா ஒத்துக்கினாரே!” என்று சமையலறை ஜன்னலிலிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது.

அவர் மகளைப் பார்த்தார். “குதிக்கறத வுட மாட்டாராட்டம் இருக்குது. நீ என்னம்மா சொல்ற?”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி அப்பாவிடம் சொன்னாள்.

“எங்க வேணா குதிக்கட்டும்பா. வேட்டி கட்டிக்கினு மட்டும் வேணாம்னு சொல்லு.”

“மாப்ள, கேட்டுக்கினீங்களா?” என்றார் அவர்.

தம்பி போய் மாப்பிள்ளை வந்ததை அம்மாதான் முதலில் கவனித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் தலையில் கடலைக்கொடியோடு இளித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.