விரலால் எண்ணும் சுவர்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். சாந்துக் கரண்டி பிடித்துப் பழகிய கை, பேனை பிடித்தால் சொன்னபடி கேட்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். வாசிக்கிறவர்கள் மனதுக்குள் திருத்திக்கொள்ள வேண்டும்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிற டைல் பாஸ், அதாவது டைல் மேஸ்திரி. குளியலறைகளுக்கு டைல் பதிப்பதுதான் முப்பது வருடமாக என் தொழில். வேலை தருகிறவர்கள் போனில் படங்களைக் காட்டுவார்கள். கண்ணாடிக் கதவு, தரையில் மீன் படம், கூரையில் நட்சத்திரம் மாதிரி விளக்குகள். "பாஸ், புதுசா என்ன செய்யலாம், ஒரு ஐடியா சொல்லுங்க" என்பார்கள். எனக்குப் பேச வராது. தலையை ஆட்டிவிட்டு அளவெடுக்கத் தொடங்கிவிடுவேன். ஆனால் நான் செய்ததிலேயே சிறந்த குளியலறை எது என்று யாராவது கேட்டால் அதற்குப் பதில் இருக்கிறது. அதைத் திட்டம் போட்டவ ஒரு அக்கா. அவவுக்குக் கண் பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது.

வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி. ரயில் போனால் மேசையில் இருக்கும் கரண்டிகள் கிலுகிலுக்கும். அக்கா தபால் கந்தோரில் வேலை செய்து பென்ஷன் எடுத்தவ. கணவர் இல்லை. ஒரே மகன் கனடாவில். தனியாக இருந்தா. கண்ணில் அழுத்தம் கூடி, பக்கப் பார்வை எல்லாம் போய்விட்டதாம். "பைப்புக்குள்ளால பாக்கிற மாதிரி, தம்பி. அந்தப் பைப்பும் வர வரச் சின்னனாகுது" என்று சாதாரணமாகச் சொன்னா, வீட்டு வாடகையைப் பற்றிச் சொல்வது போல.

பழைய குளியலறையில் ரோஸ் நிறத்தில் ஒரு பாத்டப் இருந்தது. யன்னல் கிடையாது, மேலே காற்றுப் போக ஒரு ஓட்டை மட்டும். லைட் போடாவிட்டால் பகலிலும் கும்மிருட்டு. ஒரு நாள் காலை பாத்டப்பிலிருந்து இறங்கும்போது அக்கா வழுக்கி விழுந்துவிட்டா. கதவு உள்ளே பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஆளைக் காணவில்லையே என்று மத்தியானம் வந்து தட்டும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறா. மகன் கேள்விப்பட்டு, ஐந்து கிழமையில், அடுத்த மாதம், வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வந்து பார்த்து, தன்னோடு கூட்டிக்கொண்டு போவார், அல்லது முதியோர் இல்லத்தில் சேர்ப்பார். இரண்டுக்கும் அக்காவுக்கு மனமில்லை.

"அவன் வந்து நிக்கேக்க நான் தனியக் குளிச்சுப்போட்டு வர வேணும். அதுதான் உங்கட வேலை" என்றா.

இப்படி ஒரு வேலையை எனக்கு யாரும் தந்ததில்லை. நான் அளவு நாடாவை எடுத்தேன்.

பிறகு குளியலறைக்குள் போய் லைட்டைப் போட்டேன். சுவர் முழுக்க, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் துண்டு துண்டாக ஒட்டியிருந்தது. முதலில் வெடிப்பை மறைத்திருக்கிறா என்று நினைத்தேன். கேட்டபோதுதான் விளங்கியது. ஒரு கிழமையாகக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய், தன் கை தானாக எந்த இடத்தில் சுவரைத் தேடுகிறதோ அந்த இடத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறா. நான் அளந்து பார்த்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. நாங்கள் வழக்கமாகப் பூப்போட்ட வரிசை டைலை நாலு அடியில் வைப்போம், பார்வைக்கு அழகாக இருக்கும் என்று. அதைச் சொன்னேன்.

"கண்ணுக்கு வேண்டாம் தம்பி. கைக்கு வையுங்கோ."

அந்த ஒரு பேச்சிலேயே முழுத் திட்டமும் இருந்தது. கை படும் உயரத்தில் ஒரு வரிசை டைல், ஒவ்வொன்றும் ஒரு அடி அகலம். அந்த வரிசைக்கு மட்டும் டைலுக்கும் டைலுக்கும் இடையில் உள்ள கோட்டை ஆழமாக விட வேண்டும். விரலால் கோட்டை எண்ணிக்கொண்டு நடப்பா. கதவிலிருந்து மூன்றாவது கோட்டில் பேசின். ஐந்தாவதில் கொமட். மூலை திரும்பி இரண்டாவதில் தண்ணீர்க் குழாய். மூன்றாவதில் சோப்பு வைக்கச் சுவருக்குள் ஒரு மாடம், அதன் விளிம்பு கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், போத்தல் தட்டுப்பட்டாலும் விழாது.

தரையும் அப்படித்தான். நடக்கும் பாதைக்குச் சொரசொரப்பான டைல், குளிக்கும் இடத்துக்குச் சின்னச் சின்னச் சதுர டைல். எங்கே நிற்கிறோம் என்று உள்ளங்கால் சொல்லும். சுடுதண்ணீருக்கு நீளக் கைப்பிடி, பச்சைத் தண்ணீருக்கு உருண்டைக் கைப்பிடி. வாளி நகராமல் இருக்கத் தரையில் ஒரு சின்னப் பள்ளம். கொமட்டுக்குப் பின்னால் மட்டும் கருநீல டைல், இருக்கிற பார்வை இருக்கும்வரை வெள்ளை கொமட் எடுத்துக் காட்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஆள் விழுந்து கிடந்தாலும் வெளியிலிருந்து திறக்கலாம். பூட்டையும் வெளியே இருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கிற மாதிரிப் போடச் சொன்னா.

நான் முப்பது வருடத்தில் எத்தனை கதவு மாட்டியிருக்கிறேன். ஒரு கதவையாவது, உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் என்ன ஆகும் என்று நினைத்து மாட்டியதில்லை.

டைல் எடுக்க ஆமர் வீதிக் கடைக்குத் தானும் வருவேன் என்று நின்றா. கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மாதிரி டைல்களில் ஒவ்வொன்றாக ஏறி நின்றா. பிறகு தண்ணீர் கேட்டா. கடைப் பெடியன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தண்ணீரை ஊற்றச் சொல்லி, சோப்பும் போடச் சொல்லி, திரும்பவும் ஏறி நின்றா. நான் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு, பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். முதலாளி முஸ்லிம் மனிதர், பகிடிக்காரர்.

"மிஸ், கலியாணச் சாரி எடுக்கவும் இவ்வளவு தடவிப் பார்க்க மாட்டாங்களே" என்றார்.

"சாரி ஆளை விழுத்தாது, முதலாளி" என்றா அக்கா.

அவர் சிரித்துவிட்டு, உள்ளே போய், வெளியில் வைக்காத ஒரு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அதைத்தான் எடுத்தோம்.

மூன்று கிழமை வேலை. அந்த நாட்களில் அக்கா பக்கத்து வீட்டில் குளித்தா. பகலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் இருப்பா. தரைக்கு வாட்டம் விட்டு முடித்ததும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு, காது கொடுத்துக் கேட்டா. "இடப்பக்க மூலையில நிக்குது" என்றா. மட்டப் பலகையை வைத்துப் பார்த்தேன். நின்றது. உடைத்துத் திரும்பச் செய்தேன்.

துவாய் போடுகிற கம்பியைப் பற்றி அவ சொன்னதை இப்போது நான் எல்லாருக்கும் சொல்கிறேன். வழுக்குகிறவர் எவரும் கையில் அகப்படுவதைத்தான் பிடிப்பார். அநேகமாக அது துவாய்க் கம்பிதான். நாங்கள் அதை இரண்டு சின்ன ஆணியில் மாட்டுவோம். ஆளோடு சேர்ந்து அதுவும் வரும். ஆகவே துவாய்க் கம்பியையே ஆளைத் தாங்குகிற கம்பியாகப் போட வேண்டும். நான் தடித்த கம்பி ஒன்றை எடுத்து, கொங்கிறீட்டுக்குள் ஆழத் துளைத்து இறுக்கினேன்.

"தொங்கிப் பாருங்கோ" என்றா.

"அக்கா, நான் எண்பது கிலோ."

"நான் அறுபது. நீங்கள் தொங்கினா எனக்கு நம்பிக்கை வரும்."

தொங்கினேன். கம்பி அசையவில்லை. அக்கா சிரித்த சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இனி நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும்.

மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். புதன்கிழமை டைல் கோடுகளுக்குப் பூச்சு நிரப்பினேன். ஒரு நல்ல டைல் பாஸின் வேலையில் நகத்தை வைத்து இழுத்தால் கோடு தட்டக் கூடாது. எங்கள் தொழிலில் அதுதான் பெருமை. நான் சுவர் முழுக்க நிரப்பி, ஈர ஸ்பொஞ்சால் மூன்று தரம் துடைத்து, கையால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. சந்தோஷமாக பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டி தாண்டும்போது முன் சீட்டின் தையலில் என் விரல் பட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. கை படும் அந்த ஒரு வரிசையையும் சேர்த்து நிரப்பிவிட்டேன்.

போனை எடுத்தேன். திரும்ப வைத்தேன். காலையில் நேரத்தோடு போய், அக்கா பக்கத்து வீட்டிலிருந்து வரும் முன் சுரண்டிவிடலாம் என்று நினைத்தேன். போனபோது அக்கா எனக்கு முன்பே உள்ளே நின்றா. லைட் போடவில்லை. உள்ளங்கை சுவரில் இருந்தது. அதை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போய், மூலையில் நிறுத்தினா.

"வழுவழுவெண்டு கிடக்கு, தம்பி. நல்ல வேலைதான். எனக்குத்தான் வழி தெரியேல்ல."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பழக்கத்தில் செய்துவிட்டேன் என்று எப்படியோ சொன்னேன்.

"எத்தினை வருசப் பழக்கம்?"

"முப்பது."

"மூண்டு நாளில மறக்க ஏலுமோ?"

பார்க்கிறேன் என்றேன். அதற்குள் பூச்சு காய்ந்து கல்லாகிவிட்டது. மெஷின் போட்டால் டைலின் ஓரம் சிதறும். இரும்பு அரிகிற வாள் அலகில் சீலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கோடாகக் கையால் சுரண்டினேன். மொத்தம் இருபத்திரண்டு கோடு. ஒன்று முடிந்ததும் அக்கா எழுந்து வந்து விரலை விட்டுப் பார்ப்பா. "இன்னும் கொஞ்சம்" என்பா. "இது சரி" என்பா. சரி என்று சொன்ன ஒன்றை மறுநாள் திரும்பத் தடவிவிட்டு, சரியில்லை என்றும் சொன்னா. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் போயின. மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு டைலின் ஓரம் நெல்லளவு உடைந்தது. மாற்றித் தருகிறேன் என்றேன். அக்கா தடவிப் பார்த்துவிட்டு, விடுங்கோ, சோப்பு இங்கதான் எண்டு தெரியும் என்றா. எனக்கு மனம் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்த டைல் என் கண்ணில் நிற்கிறது.

அந்த மூன்று நாளும் அவ ஒரு தரமாவது மகனைப் பற்றிக் குறை சொல்லவில்லை. "அவனுக்குப் பயம். பயத்துக்குப் புத்தி சொல்லி என்ன, காட்டத்தான் வேணும்" என்று மட்டும் ஒருக்கா சொன்னா.

திங்கட்கிழமை காலை பேசினுக்கு சிலிக்கோன் பூசவும் என் சாமான்களை எடுக்கவும் போனேன். மகன் கதவைத் திறந்தார். நாற்பது வயது இருக்கும், உயரமான மனிதர், பயணக் களைப்பு முகத்தில் இருந்தது. குளியலறைக்குள் போய் எல்லாவற்றையும் பார்த்தார். கம்பியை இழுத்துப் பார்த்தார்.

"வடிவாத்தான் செய்திருக்கு, அம்மா. ஆனா எனக்கு அங்க கனடாவில நித்திரை வர வேணுமே" என்றார்.

அக்கா அறைக்குப் போய் மாற்று உடுப்பும் துவாயும் எடுத்துக்கொண்டு வந்தா. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. சுவிட்ச் வெளியே இருந்தது.

"லைட்டை நூத்துவிடு" என்றா உள்ளேயிருந்து.

மகன் சுவிட்சில் கையை வைத்தார், ஆனால் தட்டவில்லை. அக்கா இன்னொரு தரம் சொன்னா. அவர் லைட்டை அணைத்தார்.

நான் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் பையைக் கீழே வைத்தேன். இரண்டு பேரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குழாய் திறந்தது. வாளியில் தண்ணீர் விழும் சத்தம், வாளி நிறைய நிறைய மாறியது. சரியான நேரத்தில் குழாயை நிறுத்தினா. தண்ணீர் அள்ளி ஊற்றும் சத்தம். பிறகு டக் என்று எதுவோ தரையில் விழுந்தது. மகன் பாய்ந்து கதவுப் பிடியைப் பிடித்தார்.

"சோப்புத்தான். நான் இல்லை" என்றா உள்ளேயிருந்து.

அவர் கையை எடுக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் இல்லை. தரையில் கை தடவுகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு திரும்பவும் தண்ணீர். அப்போதுதான் அவர் பிடியை விட்டார்.

தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு அக்கா வெளியே வந்தா. எங்களைப் பார்க்காமலே, தேத்தண்ணி வைக்கிறேன் என்று குசினிக்குப் போனா. மகன் குளியலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். லைட்டைப் போடவில்லை. ஈரச் சுவரில் அவர் கை உரசும் சத்தம் வெளியே கேட்டது, ஒரு பக்கம் போய், மூலை திரும்பி, நின்று, திரும்பி வந்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் என் பையின் சிப்பை இழுப்பது போல் குனிந்துகொண்டேன்.

"அண்ணை, குசினியையும் இப்பிடிச் செய்ய ஏலுமோ?" என்று கேட்டார்.

செய்யலாம் என்றேன். அவர் ஒரு மாதம் நின்றுவிட்டுத் தனியாகத்தான் போனார். குசினி வேலையில் நான் எதையும் நானாகத் தீர்மானிக்கவில்லை. பிளாஸ்டர் ஒட்டி முடிய அக்கா எனக்குப் போனில் கோல் எடுத்தா, அதற்குப் பிறகுதான் அளவெடுக்கப் போனேன்.

இதை நான் எழுதி முடிப்பது 2024 ஆம் ஆண்டு, ஓகஸ்ட் மாதம் 11 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.