ரீட்டாவின் கேள்விக்கு வந்த பதில்கள்

1. அட்மின் வேலை

நான் உபதேசியாராகச் சேர்ந்த காலத்தில் இந்த வேலைக்கும் போனுக்கும் சம்பந்தமில்லை. தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் ஜெபமாலை சொல்லுவது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பது, நோயாளிகளைப் பார்த்துவிட்டு ஃபாதரிடம் சொல்லுவது, ஃபாதர் வந்து சேர முடியாத இடத்தில் அடக்க ஜெபத்தை நடத்துவது. வேலை இவ்வளவுதான். அட்டைக்கடியும் பஸ்ஸும்தான் கஷ்டம்.

பிறகு ஒருநாள் ஹட்டனில் பூசை முடிந்ததும் ஃபாதர் உடுப்பு மாற்றுகிற சங்கீஸ்து அறைக்குள் என்னைக் கூப்பிட்டார். பூசை உடுப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உபதேசியார், இந்த வாட்ஸ்அப் குரூப்ப இனி நீங்க பாத்துக்கங்க. காலையில இதப் படிச்சிட்டு பூசைக்கு ஏற என்னால முடியல."

அந்த குரூப் பழைய முறையில் பக்தியாக இருக்க விரும்புகிறவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. நற்கருணையை முழங்காலில் நின்று நாவில்தான் வாங்குவோம் என்பவர்கள், கோயிலுக்குள் முக்காடு வேண்டும் என்பவர்கள், பூசையில் கிட்டார் வேண்டாம் என்பவர்கள், லத்தீன் பாட்டைக் கேட்டால் கண் கலங்குகிறவர்கள். அக்கரப்பத்தனை, பொகவந்தலாவைப் பக்கத்து ஆட்கள்தான் பெரும்பாலும். கொழும்பில் கடை வேலைக்குப் போனவர்களும் குவைத், இத்தாலி என்று போனவர்களும் இருந்தார்கள். தோட்டத்தில் நாங்கள் கொஞ்சப் பேர். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயம் ஒன்றில் ஒரு வீடு, இரண்டு வீடு என்று இருப்போம். அதனால் குரூப்பில் எல்லாரும் ஒன்றாக இருப்பது பலருக்குப் பெரிய ஆறுதல். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் சண்டை ஓயாது. சுடிதார் சால்வையைத் தலையில் போட்டால் முக்காடு ஆகுமா? பெரிய வெள்ளியன்று பால் தேத்தண்ணி குடித்தால் ஒருசந்தி உபவாசம் முறியுமா? பக்கத்து வீட்டுக்காரர் மாரியம்மன் திருவிழா பொங்கலைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கலாமா? இந்தப் பொங்கல் விஷயம் மட்டும் ஒரு வாரம் ஓடியது. கடைசியில் ஓர் அம்மா, "பசிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துட்டேன், இப்ப என்ன செய்ய?" என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் பேச்சு அடங்கியது.

2. இரண்டு பேர்

குரூப்பின் சத்தத்தில் பாதி இரண்டு பேருடையது.

ஒருவர் செபஸ்தியான் ஐயா. தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். மகன் இத்தாலியில். அக்கரப்பத்தனை பஜாருக்கு மேலே தனி வீட்டில் இருந்தார். சிறு வயதில் லத்தீன் பூசைக்கு உதவி செய்தவர். தினமும் காலையில் லத்தீனில் 'பாத்தர் நோஸ்தர்' ஜெபம் சொல்லி வாய்ஸ் மெசேஜ் போடுவார். நல்ல கனமான குரல். அதைக் கேட்டுவிட்டுத்தான் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறோம் என்று சொன்ன கொழுந்து பறிக்கிற பெண்கள் உண்டு.

மற்றவர் ஜெரோம். பொகவந்தலாவைப் பையன், கொழும்பில் துணிக்கடையில் வேலை. அவனும் முழங்காலில் நிற்கிறவன்தான், முக்காடு வேண்டும் என்கிறவன்தான். ஆனால் ரோமாபுரி என்ன சொன்னதோ அதுதான் சட்டம் என்பான். ஏதாவது பேச்சு வந்தால் போனில் தேடி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, சிவப்புக் கோடு போட்டு அனுப்புவான்.

"ஐயா, பாப்பரசரவிட நீங்க பெரியவரா?" என்று கேட்பான்.

"எனக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்த சாமியார் ஒன்ன மாதிரி போன்ல படிச்சவர் இல்ல தம்பி" என்று ஐயா எழுதுவார்.

கோயிலில் சந்தித்தால் இரண்டு பேரும் கைகொடுத்துச் சிரித்துக்கொள்வார்கள். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நிம்மதி. வாய்ச்சண்டைதானே, யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று ஃபாதரிடமும் சொல்லியிருந்தேன்.

3. கேள்வி

ரீட்டா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம். கணவன் அந்தோனி தோட்டத்திலேயே தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை செய்தான். அவன் பிறப்பில் இந்து. ரீட்டாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கினான். அவனுடைய அண்ணன் முருகையாவும் மற்றவர்களும் இந்துக்கள்தான். இரண்டு வீடும் ஒரே லயத்தில் சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தது.

அடைமழை நேரத்தில் ஒருநாள் அந்தோனி மலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த வாரம் மண்சரிவு எச்சரிக்கை வேறு. தோட்டத்துக் கல்லறைத் தோட்டம் சரிவில் இருக்கிறது, ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறுகிறது, டவுன் தகனசாலைக்குக் கொண்டுபோனால் நல்லது என்று கிராம சேவகர் சொல்லிவிட்டுப் போனார்.

முருகையா குவைத்துக்குப் போன் எடுத்திருக்கிறான். "அவன் ஒங்க வேதத்துக்கு வந்தவன். எரிக்கிறதா பொதைக்கிறதான்னு நீதான் சொல்லணும் ரீட்டா. நீ சொல்றபடி செஞ்சிர்றோம்."

ஃபாதர் கண்டியில் தியானத்தில் இருந்தார், போன் நிறுத்தியிருந்தது. நான் ஒரு நோயாளியைப் பார்க்க அக்கரப்பத்தனைக்கு உள்ளே போயிருந்தேன். அங்கே சிக்னல் இல்லை. ரீட்டா குரூப்பில் எழுதினாள்:

"என் கணவர் அந்தோனி காலையில் இறந்துவிட்டார். ஊரில் மழை, புதைக்க இடம் சரியில்லை என்கிறார்கள். எரிக்கலாமா? பாவமா? யாராவது உடனே சொல்லுங்கள்."

திரும்பி வரும்போது பஸ் மேட்டுக்கு ஏறியதும் என் போன் நடுங்கத் தொடங்கியது. நிற்கவேயில்லை.

செபஸ்தியான் ஐயா முதலில் எழுதியிருந்தார். "கூடாது சகோதரி. பழைய சட்டத்தில் எரித்தவனுக்குக் கிறிஸ்தவ அடக்கமே கிடையாது. உடலை நெருப்புக்குக் கொடுப்பது உயிர்ப்பை மறுப்பதாகும்."

உடனே ஜெரோம். "தவறு. எரிக்கத் திருச்சபை எப்பவோ அனுமதி கொடுத்தாச்சு. ஆதாரம் கீழே." சிவப்புக் கோடு போட்ட படங்கள்.

"அனுமதி கொடுத்ததெல்லாம் நல்லதாகிவிடாது."

"அப்போ திருச்சபை தப்பு செய்யுதுன்னு சொல்றீங்களா? நேரடியா பதில் சொல்லுங்க ஐயா."

பிறகு மற்றவர்கள் இறங்கினார்கள். வேதசாட்சிகளை நெருப்பில் போட்டார்களே, அவர்கள் உயிர்க்க மாட்டார்களா என்றார் ஒருவர். அது அவர்களாகக் கேட்டதல்ல என்றார் இன்னொருவர். சாம்பலை ஆற்றில் விடலாமா என்று கிளைப்பேச்சு ஒன்று போனது. யாரோ கைதட்டுகிற படம் போட்டிருந்தார்கள். யாருக்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை.

நடுவில் ரீட்டா இன்னொரு தடவை எழுதியிருந்தாள். "தயவுசெய்து ஒரு பதில் சொல்லுங்கள். அங்கே காத்திருக்கிறார்கள்." அதற்குக் கீழேயும் அவர்கள் இரண்டு பேரும்தான்.

பஸ்ஸில் இருந்தபடியே, அட்மின் மட்டும் எழுதலாம் என்று குரூப்பை மாற்றினேன். கண்டியில் தியான இல்லத்து நம்பரைத் தேடி எடுத்து ஃபாதரைக் கூப்பிடச் சொன்னேன்.

"எரிக்கலாம். சாம்பலைக் கொண்டுவந்து முறையா அடக்கம் செய்யணும், அவ்வளவுதான்" என்றார். "நீங்க மொதல்ல அந்தப் பிள்ளைகூடப் பேசுங்க."

ரீட்டா போனை எடுத்தாள். குளியலறைக்குள் இருந்து பேசுகிறாள் போல, குரல் சுவரில் முட்டி வந்தது.

"நான் சொல்லிட்டேன் அண்ணே. பொதைக்கச் சொல்லிட்டேன்."

"ஃபாதர் எரிக்கலாம்னு சொல்லிட்டார்மா. பாவமே இல்ல. நான் முருகையாகிட்ட இப்பவே பேசுறேன்."

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

"வேண்டாண்ணே. அந்த ஐயா எழுதினதப் படிச்சிட்டேன். ஃபாதர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா படிச்சத எப்படிண்ணே படிக்காத மாதிரி ஆக்குறது? எரிச்சா காலத்துக்கும் அதுதான் மனசுல நிக்கும். பொதைக்கச் சொல்லுங்க."

4. அடக்கம்

மறுநாள் பாதையில் மரம் விழுந்து ஃபாதரின் வாகனம் வர முடியவில்லை. அடக்க ஜெபம் என் பொறுப்பு.

முருகையாவும் லயத்துப் பையன்களும் விடியற்காலையிலிருந்தே தோண்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் இந்துக்கள். குழியில் தண்ணீர் நின்றது. வாளியால் இறைப்பார்கள், ஓரம் சரியும், மறுபடி தோண்டுவார்கள், மறுபடி ஊறும்.

மழைக்குள் செபஸ்தியான் ஐயா வந்தார். அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். கறுப்புக் கோட், டை. குழியைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு பையன் கையிலிருந்த வாளியை வாங்கி இறைக்கத் தொடங்கினார். வேண்டாம் ஐயா என்று முருகையா சொல்லியும் விடவில்லை.

யாரோ ரீட்டாவுக்கு வீடியோ கோல் போட்டுக் குடைக்குக் கீழே பிடித்திருந்தார்கள். பெட்டியை இறக்கினோம். அடிக்குப் போகவில்லை. தண்ணீரில் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. போனைத் திருப்பு என்று நான் கையைக் காட்டுவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"பெட்டி ஏன் ஆடுது?"

முருகையா குழிக்குள் இடுப்பளவு சேற்றில் நின்றபடி சொன்னான்: "ஒன்னுமில்ல ரீட்டா. கயித்த உருவுறோம். அதான்."

பிறகு கல் கொண்டுவந்தார்கள். பெட்டிக்கு மேல் கல்லை வைத்து அமுக்கித்தான் மண்ணைத் தள்ளினோம். அந்தச் சத்தத்துக்கு மேலே நான் ஜெபத்தைச் சொன்னேன். எத்தனையோ அடக்கம் நடத்தியிருக்கிறேன். பெட்டியைக் கல்லால் அமுக்கியது அன்றைக்குத்தான்.

5. பேசாமல் போனவர்கள்

திரும்பும்போது பஜார் தேத்தண்ணிக் கடையில் ஐயாவும் நானும் உட்கார்ந்தோம். அவருடைய கோட்டிலிருந்து சேறு வடிந்தது.

"சட்டம் சட்டந்தான் உபதேசியாரே" என்றார். நான் தேத்தண்ணியை அவர் பக்கம் தள்ளினேன். ஒரு மிடறு குடித்துவிட்டு அவரே சொன்னார்: "நான் அந்தப் பையனுக்குத்தான் பதில் எழுதிக்கிட்டிருந்தேன். அந்தப் புள்ள அங்க உக்காந்து படிக்கும்னு நெனப்பே வரல."

அன்று சாயந்திரம் ஜெரோம் கூப்பிட்டான். "அண்ணே, நான் சொன்னதுதானே சரி? ஃபாதரே அதத்தானே சொல்லியிருக்கார்?"

"நீ சொன்னது சரிதான் தம்பி. அந்தோனி ஒன்னோட ஊர்க்காரன். செத்துப்போனானேன்னு ஒரு வரி எழுதுனியா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

சில நாள் கழித்து எல்லாரும் எழுதும்படி குரூப்பைத் திறந்தேன். ரீட்டா வெளியேறினார் என்று ஒரு வரி கிடந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த மெசேஜ், முக்காடு வெள்ளையா கறுப்பா என்பது. செபஸ்தியான் ஐயாவின் லத்தீன் ஜெபம் மட்டும் அதற்குப் பிறகு வரவேயில்லை. ஒருமுறை ரீட்டாவின் நம்பர் கேட்டார், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. அவளிடம் கேட்டேன். கொடுக்க வேண்டாம் என்றாள். ஐயாவிடம் சொன்னேன். "சரி" என்றார்.

ஒப்பந்தம் முடிந்து ரீட்டா ஊருக்கு வந்ததும் நான் போய்ப் பார்த்தேன். முருகையாவின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஞாயிறு பூசைக்கு வாம்மா என்றேன்.

"வரலண்ணே. மாதா மேல கோவமில்ல. ஒங்க மேலயும் இல்ல." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "அன்னைக்கு அத்தன பேர் எழுதினாங்க. பாவமா, பாவமில்லையான்னு. ஐயோ பாவம்னு ஒருத்தர் எழுதல."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன். அவள் இன்னும் பூசைக்கு வருவதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் குரூப்பை எப்படி நடத்துவது என்று கேட்கிறார்கள். செட்டிங் எல்லாம் அவர்களுக்கே தெரியும். நான் சொல்லுவது ஒன்றுதான். ஒருவர் கேள்வி கேட்டால், அவர் எங்கே உட்கார்ந்து, எந்த நிலைமையில் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். சரியான பதிலும் அவருக்குப் போய்ச் சேராவிட்டால் வீண். சாவுச் செய்தி வந்தால் குரூப்பைப் பூட்டுங்கள். ஒன்றும் எழுதாதீர்கள். அந்த ஆளுக்குப் போன் எடுத்து, அழுது முடிக்கிற வரைக்கும் கேளுங்கள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடியுங்கள்.