கொல்லையைக் காலி செய்ய என்ன கூலி?

ஒரு பொருள் வீட்டுக்குள் வரும்போது ஒரு விலை, வெளியே போகும்போது ஒரு விலை. முதல் விலையைச் சிரித்துக்கொண்டே கொடுத்தவர்கள்கூட இரண்டாவது விலையைக் கேட்டதும் வண்டிக்காரனைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

பினாங்கில் நான் ஒற்றை மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் அரிசி மூட்டை ஏற்றும் வண்டிகள் வேறு. வீடுகளில் வேண்டாத சாமான்களை ஏற்றிப்போய், ஊருக்கு வெளியே கடலோரச் சேற்று நிலத்தில் கொட்டுவது என் பிழைப்பு. கட்டிலுக்கடியில் உடைந்த விளக்கையும் கதவுக்குப் பின்னால் கால் ஒடிந்த நாற்காலியையும் வைத்துக்கொண்டு, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று காலம் தள்ளுகிற உங்களுக்கு இந்தத் தொழிலின் வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேரும் நானும் ஒரே நோய்க்காரர்கள்.

இங்கே எழுதியிருப்பதெல்லாம் ஒரே வருடத்தில் நடந்தவை. அந்த வருடம் என் ஒரே மகள் திரேசா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவாளா, மாட்டாளா என்பதே என் கொல்லையில் கிடந்த சாமான்களைப் பொறுத்திருந்தது.

மாட்டிடம் சொன்ன கூலி

என் கணக்கு எளிது. ஒரு வண்டி பாரத்துக்கு ஒரு வெள்ளி, அதாவது நூறு காசு. மாடியிலிருந்து இறக்க வேண்டுமானால் பத்துப் படிக்கு ஐந்து காசு கூடுதல். பீங்கானும் கண்ணாடியும் இருந்தால் சாக்கில் கட்டுவதற்குத் தனி. படிகளை நான் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை எண்ணிக்கொள்வேன். கணக்கில் ஒரு காசு பிசகாது. பிசகுவதெல்லாம் அதை வாய்விட்டுச் சொல்லும் இடத்தில்தான். எனக்குக் கூச்ச சுபாவம். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் தொகை தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, அதன் காதில் சொல்வதுபோல, "ஒரு வெள்ளி ஆகுங்க" என்பேன்.

கைவண்டி இழுக்கும் மீரான் அண்ணன் என் தொழில் கூட்டாளி. மாட்டுவண்டி நுழையாத சந்துகளெல்லாம் அவருக்கு, அகலமான தெருக்கள் எனக்கு என்று எங்களுக்குள் ஒரு பங்கீடு இருந்தது. ஒருநாள் சூலியா தெருவில் ஒரு வீட்டு வாசலில் நான் இப்படி மாட்டிடம் கூலி சொல்லி, எழுபது காசுக்கு இறங்கி வந்ததை அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்:

"தம்பி, நீ மாட்டைப் பார்த்து விலை சொன்னா, மாடுதான்ப்பா பேரம் பேசணும். அது வாயைத் தொறக்குதா பாரு!"

தானாக வரும் அலமாரி

கப்பல் கம்பெனி ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்தவர் ஒருவர், கடைவீட்டு மாடியில் குடியிருந்தார். ஒரு பழைய தேக்கு அலமாரியைத் தூக்கிப் போட வேண்டும் என்று என்னையும் மீரான் அண்ணனையும் கூப்பிட்டார். படிகள் இருபத்திரண்டு. படிக்கூலியைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏத்துறதுக்குக் கூலி கேட்டா நியாயம். இறக்குறதுக்கு என்னய்யா கூலி? விட்டா அது தானா வந்துட்டுப் போகுது!" என்றார். நான் வழக்கம்போல மாட்டைத் தேடினேன். அது கீழே தெருவில் இருந்தது.

அலமாரி தானாகத்தான் வந்தது. ஒன்பதாவது படி வரைக்கும் வந்து, படி திரும்பும் இடத்தில் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே நெருக்கமாக உட்கார்ந்துகொண்டது. நாங்கள் இருவரும் கீழ்ப்பக்கம். கிராணி மேல்பக்கம், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு. மீரான் அண்ணன் பீடி பற்றவைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க சார், தானா வரும்" என்றார். கீழே தெருவில் ஆபீஸுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் அலமாரிக்கு மேலே தொப்பி மட்டும் தெரிய, கிராணி கும்பிடாத குறையாகச் சொன்னார்:

"ரெண்டு வெள்ளி தர்றேன்ப்பா, படிக்கூலியும் எண்ணித் தர்றேன், என்னை மொதல்ல கீழ விடுங்க!"

சிவப்புத் தாள்

சீனர் வீடுகளில் ஒருவர் இறந்துபோனால் அவர் படுத்த கட்டிலை வீட்டில் வைத்திருக்கமாட்டார்கள். அதை ஏற்ற வருகிறவனுக்குக் கூலி தனி; அதோடு சிவப்புத் தாளில் ஒரு காசைச் சுற்றிக் கொடுப்பார்கள். அந்தக் காசுக்குப் பேரம் கிடையாது, வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. கேம்பல் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சீன அம்மாள், காலமான தன் கணவரின் கட்டிலை அப்படித்தான் என் வண்டியில் ஏற்றிவிட்டார். "புவாங் ஜாவ்-ஜாவ்" என்று மலாய் மொழியில் இரண்டு தடவை சொன்னார். தூரமாக, ரொம்பத் தூரமாகப் போட்டுவிடு என்று அர்த்தம். சொல்லும்போது கட்டில் காலைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. மாடு நகர்ந்த பிறகுதான் எடுத்தார்.

அந்தக் கையைப் பார்த்துவிட்டதால் நான் கட்டிலைக் கடலோரத்துக்குக் கொண்டுபோகவில்லை. டத்தோ கிராமட் ரோட்டுக்கு உள்ளே இருந்த என் வீட்டுக் கொல்லையில் இறக்கி, மேலே ஓலை போட்டு மூடிவைத்தேன். நினைத்தது சரியாகப் போயிற்று. எட்டாம் நாள் அந்த அம்மாள் ரிக்‌ஷாவில் தேடிக்கொண்டு வந்துவிட்டார். கட்டிலில் உட்காரவில்லை. தலைமாட்டுப் பலகையைத் தன் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்தார். இன்னொரு சிவப்புத் தாளை என் கையில் வைத்தார். அவர் பேசிய மலாயை, பேச்சுக்குப் பேச்சு அவர் ஒட்டும் 'லா'வை மட்டும் அப்படியே விட்டு, தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"இன்னும் ஒரு மாசம் வச்சிரு லா அண்ணே. அப்புறம் தூரமா போட்டுரு."

வாத்தியாரின் ஆர்மோனியம்

இதற்குப் பிறகு எதையும் உடனே கொட்டிவிடக் கூடாது, ஒரு மாதம் வைத்திருந்து பார்க்க வேண்டும் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு. எந்தப் பொருளுக்கும் மாதம் முடியவே இல்லை. முடிவதற்குள் யாராவது வந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தூக்கிப்போட எனக்குக் கூலி கொடுத்தவர்கள், தூக்கிப்போடாமல் இருப்பதற்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. அந்தச் சீன அம்மாள் மட்டும் விதிவிலக்கு.

ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் ஆர்மோனியம் இருந்தது. துருத்தி கிழிந்து, நாலு கட்டை மட்டும் பேசும். அவர் மனைவிதான் கூலி கொடுத்து ஏற்றிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் வாத்தியார் நேரே என் கொல்லைக்கு வந்து, கிழிசலை முழங்காலால் அடைத்துக்கொண்டு, அந்த நாலு கட்டையில் ஒரு மாதா பாட்டு முழுவதையும் வாசித்தார். வாராவாரம் வந்தார். என் மாடு செவலைக்கு அந்தப் பாட்டு பழகிப்போய், அவர் வராவிட்டால் கயிற்றை இழுக்கும். ஒருநாள் அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது வேலிக்கு வெளியே அவர் மனைவியின் குரல் கேட்டது. வாத்தியார் ஓலைக்குள் புகுந்து கட்டிலுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, என்னைக் கேட்டார்:

"ஏங்க, நான் கூலி குடுத்தது ஆர்மோனியத்தை ஏத்திட்டுப் போகத்தானே? கூட எங்க வீட்டுக்காரரையும் ஏத்திட்டீங்களா?"

கிட்டங்கி

எங்கள் சம்பந்தி அம்மாள் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் இருந்தார். மருமகன் அங்கே ரயில் பட்டறையில் வேலை. திரேசாவுக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டு, பிரசவத்துக்கு அழைத்துவருவது பற்றிப் பேச சம்பந்தி அம்மாள் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி அந்தோணியம்மாள் காப்பி கலக்கும் நேரத்தில், கை கழுவுவதற்காகக் கொல்லைக்குப் போனார். போனவர் திரும்பி வர நேரமாயிற்று. கட்டில், ஆர்மோனியம், கிராணியின் அலமாரி (அவரும் அதைக் கொட்ட வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார்), இரண்டு தையல் மிஷின் கால்கள், குடையில்லாத குடைக்கம்புகள், ஒரு பித்தளைக் கூண்டு. எல்லாவற்றையும் தாண்டித்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். அவர் சேலையில் ஒரு முழத்துக்குக் கிழிசல்.

அந்தோணியம்மாள் மன்னிப்புக் கேட்டாள், ஊசிநூல் எடுத்தாள். சம்பந்தி அம்மாள் உட்காரவில்லை. பாம்பு இருக்கும், தேள் இருக்கும் என்றார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்து பார்ப்பதாகவும், இதே கோலத்தில் இருந்தால் பிரசவம் பிறையிலேயே நடக்கும் என்றும் சொன்னார். முதல் பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவர முடியாத வீடு என்று பெயர் வாங்கினால் என் மனைவி கோயிலுக்கு எந்த முகத்தோடு போவாள்? துறைமுகத்தில் சரக்குக் கிடங்கைக் கிட்டங்கி என்பார்கள்; சம்பந்தி அம்மாள் படி இறங்கும்போது கேட்ட கேள்விதான் எங்கள் இருவர் காதிலும் நின்றது:

"எங்க மருமகளை வீட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா, கிட்டங்கிக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

கைவண்டிக்கு யார் மாடு?

நான் உடனே ஏற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். செவலைக்குக் குளம்பில் ஆணி ஏறிவிட்டது. கால் வீங்கி, எழுந்து நிற்கவே முனகியது. மீரான் அண்ணனை விட்டால் வேறு வழியில்லை. அவர் வந்து கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினார். கைவண்டிக்கு ஆறு நடை ஆகும், நடைக்கு அறுபது காசு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை வருடப் பழக்கம்! வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் என்னிடம் சொன்னதெல்லாம் அப்போது என் வாயிலிருந்து வந்தது. தெரிஞ்சவனுக்கு இதுதானா என்றேன். எல்லாம் லேசான சாமான் என்றேன். மாடிப்படிகூட இல்லையே என்றேன். பேசும்போது என் கண் தானாக அவர் வண்டியின் முன்பக்கம் போயிற்று. அங்கே மாடு இல்லை, கையால் இழுக்கும் கட்டைதான். மீரான் அண்ணன் அந்த இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"இந்த வண்டிக்கு மாடு நான்தான் தம்பி. என்னைப் பார்த்தே பேரம் பேசு, நான் வாயைத் தொறந்து பதில் சொல்லுறேன்."

கடைசி நடை

சாமான்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. வீடு வீடாகப் போனேன். கிராணி, "இன்னுமாய்யா அது இருக்கு?" என்று, வைக்கச் சொன்னதே தான்தான் என்பதை மறந்து கோபித்துக்கொண்டார். வாத்தியார், ஏற்றிப்போகும்போது தன் வீட்டுத் தெரு வழியாக மட்டும் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த ஒரு நடைக்கு மீரான் அண்ணன் சுற்றுவழியில் போனார்; அதற்குக் கூடுதல் கேட்கவில்லை.

கட்டில்தான் மிச்சம். சீன அம்மாள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், பார்ப்பதற்கு மாடும் இல்லாமல், என் மகள் பிரசவத்துக்கு வரவேண்டும், இடம் வேண்டும் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு ரிக்‌ஷா ஏறி எனக்கு முன்னால் என் வீட்டுக்குப் போய்விட்டார். நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது கட்டில் மீரான் அண்ணன் வண்டியில் ஏறியிருந்தது. அந்தோணியம்மாள் கையில் இரண்டு சிவப்புத் தாள்கள்; ஒன்று வண்டிக்கு, ஒன்று வரப்போகிற குழந்தைக்கு. இந்தத் தடவை அந்த அம்மாள் கட்டிலைத் தொடவே இல்லை. என்னைத்தான் திட்டினார்:

"குழந்தை வரப்போற வீட்டுலயா இதைப் போட்டு வச்சிருந்தே? முன்னாலேயே சொல்லியிருந்தா நான் அன்னைக்கே விட்டிருப்பேன் லா!"

அக்கரையிலிருந்து வந்த சாமான்

சொன்ன நாளில் சம்பந்தி அம்மாள் வந்தார். திரும்பி வந்து பார்ப்பதாகச் சொன்னவர், திரேசாவையும் கையோடு அழைத்து வந்திருந்தார். அவள் படி ஏறியதும் என் மனைவி பெருமூச்சு விட்டது எனக்கு வாசல் வரைக்கும் கேட்டது. சம்பந்தி அம்மாள் நேரே கொல்லைக்குப் போனார். பெருக்கி, சாணம் தெளித்து, கோலம்கூடப் போட்டிருந்தாள் அந்தோணியம்மாள். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய், சேலையைத் தூக்காமல் நடந்து திரும்பி வந்தார். மூலைகளைப் பார்த்தார். செவலையின் கட்டுப்போட்ட காலைக்கூடப் பார்த்தார். "இப்பத்தான் வீடு" என்று சொல்லிவிட்டு, முதல் தடவையாக உட்கார்ந்து காப்பி குடித்தார். எங்களுக்கு உயிர் வந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் மெதுவாகச் சொன்னார், படகுத்துறையில் ஒரு சின்னச் சாமான் கிடக்கிறது என்று. அவர் வீட்டு ஆட்டுக்கல். அடியோடு பிளந்து, நாலு வருடமாகப் பிறையில் அவர் வீட்டு வாசலிலேயே கிடந்ததாம். படகுக்காரனுக்குக் கூலி, தூக்கி இறக்கிய இரண்டு பேருக்குக் கூலி எல்லாம் கொடுத்து அக்கரையிலிருந்து கொண்டுவந்திருந்தார், என் வண்டியில் கொட்டினால் கூலி மிச்சம் என்று. நான் வாசலில் நின்ற மீரான் அண்ணனைப் பார்த்தேன். அவர் விரலில் ஒரு வெள்ளி என்று காட்டினார், கல் கனம். நான் சம்பந்தி அம்மாளைப் பார்க்கவில்லை, செவலையைப் பார்த்தேன். அந்த அம்மாளோ என் மனைவியிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"கொல்லைதான் இப்ப காலியா இருக்கே சம்பந்தி! நம்ம வீட்டு மனுஷன் வண்டி வச்சிருக்கப்ப, வெளியாளுக்கு யாராவது கூலி குடுப்பாங்களா?"

வீட்டுப் பழைய சாமானை ஏற்றிப்போக என்ன கூலி ஆகும் என்று இன்றைக்கும் யாராவது என்னைக் கேட்டால், சாமான் என்ன, எத்தனை படி என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால், அது சம்பந்தி வீட்டிலிருந்து வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.