பேட்டரி மாட்டப் போனவளின் மஞ்சள் கயிறு

எங்கள் வீட்டில் கார் என்பது உறை போட்டு மூடிவைத்திருக்கும் சாமான். திருப்பதியில் வீடு கட்டிய கையோடு என் வீட்டுக்காரர் அதை வாங்கினார். வாங்கிய அன்றே மலையடிவாரத்து அலிபிரிக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, திரும்பக் கொண்டுவந்து கவரை இழுத்து மூடினார். அதற்குப் பிறகு அது தெருவைப் பார்த்ததெல்லாம் சொந்தக்காரர் கல்யாணங்களுக்குத்தான். அவர் சித்தூரில் இருக்கும் ஆபீசுக்கு பஸ்ஸில் போய் வருவார். சாயங்காலம் வந்ததும் கவரைத் தூக்கி, பூனை ஏறிப் படுத்திருக்கிறதா என்று பார்ப்பார். அதுதான் அவர் கார் ஓட்டும் அழகு.

எனக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து நல்லது கெட்டது பிரிக்கும் பிரிவு. போன கோடையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஆகஸ்டு முதல் திங்கட்கிழமையிலிருந்து முதல் ஷிஃப்டுக்கு நீங்கள்தான் இன்சார்ஜ் என்றார். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கம்பெனி பஸ் எங்கள் பக்கம் கிடையாது. நீங்கள் வர முடியாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கவலையே இல்லை. லைசென்ஸ் இருக்கிறது, வாசலில் கார் இருக்கிறது.

வீட்டில் சொன்னபோது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை வாயில் எடுக்காமலே காரியத்தை முடிக்கிற சாமர்த்தியம் எங்கள் வீட்டில் உண்டு. "ரொம்ப சந்தோஷம்" என்றார் அவர். என் மாமியார், புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர், சாமிக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே என் வீட்டுக்காரர் ஸ்பேனரும் கையுமாகக் கார் முன்னால் நின்றார்.

"ஓட்டாத வண்டி. பேட்டரி டவுன் ஆயிடும். கழட்டி வெச்சா சேஃப்."

"நான்தான் ஓட்டப் போறேனே?"

"மொதல்ல ஆஷாடம் போவட்டும். தருவாத்த சூஸ்தாம்லே."

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதைத் தெலுங்கில் சொன்னால், அது நடக்காது என்று எங்கள் வீட்டில் அர்த்தம். ஆஷாடம் தெலுங்குக்காரர்கள் நல்ல காரியம் தொடங்காத மாதம்; நான்கு வருஷமாக நின்ற இடத்தில் நிற்கிற காருக்கு ஆஷாடம் என்ன, ஐப்பசி என்ன!

அவர் கையைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. புத்தூர் ஜோசியர் போடச் சொன்ன நவரத்தின மோதிரம், மணிக்கட்டில் செப்புக் காப்பு. எங்கள் கம்பெனியில் இந்தக் கையோடு எந்த மெஷினையும் தொட விடமாட்டார்கள். வாசலிலேயே வளையல், மோதிரமெல்லாம் லாக்கருக்குப் போய்விடும். தாலிச் செயினை உள்ளே தள்ளி டேப் ஒட்டிக்கொள்வோம்.

"மோதிரத்தையும் காப்பையும் கழட்டிட்டுத் தொடுங்க. மைனஸை மொதல்ல எடுங்க" என்றேன்.

"ஜோசியரு எந்நேரமும் போட்டுக்கினு இருக்கணும்னு சொல்லிக்கீறாரு. நீ உள்ள போ" என்றார்.

கேட்காமல் பிளஸ்ஸில் ஸ்பேனரை வைத்தார். காரின் இரும்பு உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் வயரை விட்டுவிட்டு பிளஸ்ஸில் கை வைத்தால், ஸ்பேனர் பக்கத்து இரும்பில் ஒரு தட்டுத் தட்டினாலும் ஷார்ட்தான். தட்டியது. சடாரென்று நீலமாக ஒரு பொறி. ஸ்பேனருக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மோதிரம் கொதித்துவிட்டது. "கோவிந்தா!" என்று அவர் போட்ட கூச்சல் மலைக்கே கேட்டிருக்கும்.

விரலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து, மோதிரத்தை உருவி எடுத்தேன். அதற்குள் அத்தை வெந்த இடத்தில் பூச இட்லி மாவோடு வந்துவிட்டார்.

"அந்த மோதிரம் மட்டும் இல்லாங்காட்டி எம்புள்ள கையே பூட்டிருக்கும்" என்று அழுதார்.

மோதிரம் இருந்ததால்தான் விரல் வெந்தது என்று சொன்னேன். இரண்டு நாள் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் கட்டுப் போட்ட விரலோடு மறுபடி பானெட்டைத் திறந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மைனஸைத்தான் முதலில் கழற்றினார், பிறகு பிளஸ்ஸை; பேட்டரி இருந்த இடத்திலேயே வயர் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. மோதிரம் மட்டும் அடுத்த விரலுக்கு மாறியிருந்தது.

ஆஷாடம் முடிந்தது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்களுக்கு சிராவணம் பிறந்து, புது ஸ்கூட்டருக்கு மாலை போட்டார்கள். நான் காரைக் கேட்டேன். "அவுங்களுக்கு சிராவணம். நமக்கு ஆடி கீதே" என்றார். இரண்டு பஞ்சாங்கம் புழங்குகிற ஊரில், மனைவியிடம் காரைத் தராமல் இருக்க ஒரு புருஷனுக்கு வருஷம் முழுக்கக் காரணம் கிடைக்கும். அவர் என் வேலையை எதிர்க்கவே இல்லை, பாவம். மாதங்கள்தான் எதிர்த்தன. எனக்கு வந்த கோபத்தில் கவரைக் கிழித்தெறியலாம் போலிருந்தது. கிழித்தால் வேலை கிடைக்காது, சண்டைதான் கிடைக்கும். சாவி சாமி அறை ஆணியில்தான் தொங்கும்; அதை எடுத்துக் காரைத் திறந்து, உள்ளிருந்த கையேட்டைப் படித்தேன். கடைக்குப் போய்ப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று வாங்கிவந்தேன்.

அப்புறம்தான் இடிக்கிற இடம் தெரிந்தது. ஒத்திகைக்காகப் பானெட்டைத் திறந்து குனிந்தேன். கருகமணி கோத்த என் நீளத் தாலிச் செயின் ரவிக்கையிலிருந்து நழுவி, பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நேர் மேலே ஊஞ்சலாடியது. அவருக்கு விரல், எனக்குக் கழுத்து. கம்பெனி டேப் நின்று பார்க்கிற வேலைக்குச் சரி, இப்படித் தலைகீழாகக் குனிந்தால் தாங்காது. பேட்டரி மாட்டும்வரை செயினைக் கழற்றி வைக்கட்டுமா என்று அத்தையிடம் கேட்டுவைத்தேன்.

"இன்னாமா பேசுற நீ? பேட்டரிக்கோசரம் தாலியக் கழட்டுவியா? எம்புள்ள குத்துக்கல்லாட்டம் உசுரோட கீறான்!"

பிள்ளையின் ஆயுளைப் பற்றித்தான் எனக்கும் கவலை, அதோடு என் ஆயுளையும் சேர்த்துக்கொண்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிவிட்டேன்.

வழி விட்டதும் ஆடி மாதம்தான். அந்த வருஷம் ஆடிப்பெருக்கு, என் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தது. தாலிக்கயிறு மாற்றுகிற நாள். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு அத்தை முன்னால் அடக்கமாகப் போய் நின்றேன்.

"இந்த வருஷம் செயின் வேணாம் அத்தை. மஞ்சக் கயித்துலயே கட்டிக்கிறேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாள் கம்பெனிக்காரியாக இருந்த மருமகள் அன்றுதான் குடும்பப் பெண்ணானாள். கழுத்து ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக்கூடாது என்று, மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு ஒன்றை முதலில் காவலுக்குக் கட்டினார். அப்புறம்தான் செயினைக் கழற்றி, தாலியைப் புதுக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டார். கெட்டியாக, கழுத்தை ஒட்டினாற்போல் கட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பக்தியை எதிர்வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கயிறு நூல் என்பதையும், நூலில் கரண்ட் பாயாது என்பதையும் நான் சொல்லவில்லை.

மஞ்சள் ஈரம் காய்ந்ததும் தாலியை உள்ளே தள்ளி, கம்பெனி டேப்பால் ஒட்டினேன். தங்க வளையல் அலமாரிக்குப் போனது, கண்ணாடி வளையல் கையில் நின்றது. கார்ச் சாவி இடுப்பில். பானெட்டைத் திறந்து, பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டேன். அந்த நேரம் பார்த்து அத்தை கற்பூரத் தட்டோடு வந்தார், பேட்டரிக்கு ஆரத்தி காட்ட.

"அங்கயே நின்னு காட்டுங்க அத்தை. இதுலேர்ந்து காஸ் வரும், நெருப்பு ஆவாது."

வேறு நாளாக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். மஞ்சள் கயிறு கட்டியவள் சொல்கிறாளே என்று கேட் அருகிலேயே நின்று காட்டினார். நான் பிளஸ்ஸை முதலில் மாட்டி இறுக்கினேன். மைனஸைக் கடைசியாக வைத்தபோது குட்டியாக ஒரு பொறி வந்தது. அது வரும் என்று கையேட்டிலேயே இருந்தது.

சாவியைத் திருப்பினேன். ஒரு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"எவுரு மாட்டினது இத?"

நான் வாயைத் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டார். "மருமவதான்டா. மஞ்சக் கயித்தக் கட்டிக்கினு வந்து தொட்டா, ஒடனே உறுமுது பாரு. எல்லாம் தாலி பாக்கியம்."

அவர் கார் கவரை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். கயிற்றைக் குறை சொன்னால் சொந்த ஆயுளையே குறை சொன்னதாகிவிடும்.

மறுநாள் காளஹஸ்தி தாண்டும்போது வானம் வெளுத்தது. வரதய்யபாளையத்தில் டீக்கடை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, நான் நிறுத்தவில்லை. ஆறு மணிக்கு முன்பே ஷிஃப்டு ரிஜிஸ்டரில் இன்சார்ஜ் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் கேட்டுக்குள் காரை நிறுத்தியதும் அவர் பழைய ஸ்பேனரோடு மெதுவாக வந்தார்.

"ஆடி இன்னும் முடியல. ராத்திரிக்குக் கழட்டி வெச்சிடட்டுமா?"

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "அத்தத் தொடாதடா! கயித்துக்காரி மாட்டினத நீ கழட்டினா யார் உசுருக்கு ஆவும்னு தெரியுமா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். நான் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் காலைக்கு அலாரம் வைக்கப் போனேன்.