மூன்றாவது சாவி

நாட்டின் மத்திய வங்கியைப் பங்குதாரர்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்ட புதிதில், அதன் அமைப்பை விளக்கிப் பேசும்படி காசிமேட்டுக் குப்பத்து வாசகசாலையில் என்னை அழைத்தார்கள். கல்லூரி மேடைகளில் கோப்பைகள் வென்றிருந்த எனக்கு அது இயல்பான அழைப்பாகவே பட்டது. வங்கியின் கவர்னர் தனித்து ஆள்வதில்லை, அவரோடு ஒரு மத்தியக் குழு அமர்கிறது, சென்னை வட்டாரத்துக்கும் ஓர் உள்ளூர்க் குழு உண்டு என்பதையெல்லாம் படித்துத்தான் போனேன். மேடையிலோ, "நாடு ஒன்று, நாணயம் ஒன்று, அதைக் காக்கும் கையெழுத்தும் ஒன்று!" என்று ஏறிச் சென்ற வாக்கியத்தில் குழுக்களுக்கு இடமில்லாமல் போயிற்று. ஓசைக்காக அவற்றை விட்டுவிட்டேன். குப்பத்துத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார்.

அந்தக் குப்பத்துக்கு ஒரு பொதுப்பெட்டி இருந்தது. படகை இழந்தவருக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் அதிலிருந்து கொடுப்பார்கள். அதற்கு மூன்று பூட்டுகள். ஒரு சாவி தலைவரிடம், ஒன்று படகுக்காரர்களிடம், ஒன்று மீன் விற்கும் பெண்களிடம். மூவரும் கூடினால்தான் பெட்டி திறக்கும். பெண்களின் சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்திருந்தவர், எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள்.

சில நாள் கழித்துக் கூடையை இறக்காமலே வாசலில் நின்றார்.

"நல்லாத்தான் பேசினே நைனா. என் சாவி பூட்ச்சி."

"என்னம்மா ஆச்சு?"

"கவர்மெண்டு பேங்குக்கே ஒரு கையெழுத்துதான், நம்ம பொட்டிக்கு இன்னாத்துக்கு மூணு பேருகிட்ட சாவின்னு தலைவரு எல்லாத்தையும் புடுங்கிக்கினாரு. படிச்ச புள்ளையே சொல்லிச்சேன்றாரு."

"அப்படி இல்லம்மா. கவர்னர் கூடவும் ஒரு குழு இருக்கு."

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? வாய் வலிச்சிச்சா?"

குப்பத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போனேன். மத்தியக் குழுவையும் உள்ளூர்க் குழுவையும் எளிய சொற்களில் விளக்கினேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அன்னிக்கி சொன்னது பொய்யா தம்பி, இன்னிக்கி சொல்றது பொய்யா?"

கூட்டமும் சிரித்தது. அன்று பாதியை விழுங்கிவிட்டேன், பிழை என்னுடையது என்று சொல்லியிருந்தால் போதும். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானோ மேடைக்காரனின் மானத்தோடு, "இரண்டுமே உண்மை, நோக்கும் கோணம்தான் வேறு," என்றேன்.

"அப்போ மொதல்ல சொன்னதே இருக்கட்டும்," என்று தலைவர் துண்டை உதறி எழுந்தார்.

அந்த மழைக்காலத்தில், தலைவருக்கு ஆகாத ஒரு வீட்டில் சாவு விழுந்தது. பெட்டி திறக்கவில்லை. அந்த அம்மாள் முந்தானையை ஏந்திக்கொண்டு வீடு வீடாக வந்தார். எங்கள் வாசலிலும் நின்றார். இடுப்புக் கயிறு வெறுமையாக இருந்தது. என்னால் இயன்றதைப் போட்டுவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேச்செல்லாம் அப்பால வெச்சிக்கலாம் நைனா," என்றார் அவர். "பொணம் காத்துக்கினு கீது."